அவசரக் கதவோரத்து இருக்கை

ஜனவரி 11

அன்புள்ள பொடிசுக்கு,

உன் நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு செய்தியைத் திருத்தியாக வேண்டும். விமானத்தின் முன்பகுதியில், கட்டில்போல விரியும் இருக்கை வாங்கிக் கொடுத்தால்தான் உன் வீட்டுக்கு வருவேன் என்று நான் அடம்பிடிப்பதாக என் ஓரகத்தி சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். இந்நேரம் உன் காதுக்கும் வந்திருக்கும்.

நடந்தது இது. போன மாதம் அவள் வந்து, "ஏன்க்கா, நாத்தனார் வருஷா வருஷம் கூப்பிடறா. ஒரு தடவை போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள். "சாதா வகுப்பு சீட்டைச் செஞ்சவன், ஜனங்க காலைக் கழற்றிப் பெட்டியில போட்டுட்டு வருவாங்கன்னு நினைச்சுட்டான் போலிருக்கு. என் உயரத்துக்கு அது சரிப்படாது" என்றேன். அவ்வளவுதான். அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அது கட்டிலாகிவிட்டது.

அவள் வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து வரவேற்கவில்லை என்பது அவளுடைய இன்னொரு குறை. அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வருடமும் என்னால் வர இயலாது. மாடியை ஒரு நர்சுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் கீழே முன்னறைக்கு வந்துவிட்டேன். இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவளை வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவது முறையல்ல.

நான் சௌக்கியம். உன் இரத்த அழுத்தமும் மாப்பிள்ளையின் இருமலும் எப்படி இருக்கின்றன? போனில் கூப்பிட்டுச் சொல்லாதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தவள் நான். அந்தக் கம்பியில் எத்தனை காதுகள் தொங்குகின்றன என்று எனக்குத் தெரியும். எழுது.

உன் அண்ணி

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்குப் பொடிசு எழுதறது.

என் பிரஷர் நல்லா இருக்கு. உங்க லெட்டர் வந்தா மட்டும் கொஞ்சம் ஏறும். இவர் இருமல் போயிடுச்சு. அதுக்குப் பதிலா வீட்டில இருக்கிற குழாயெல்லாம் ரிப்பேர் பண்ற வியாதி வந்திருக்கு. ரிட்டயர் ஆன மனுஷன், கை சும்மா இருக்க மாட்டேங்குது. உங்க உடம்பு எப்படி? "சௌக்கியம்"னு ஒரே வார்த்தையில எழுதறீங்களே, தந்தி அடிக்கிற மாதிரி?

சின்ன அண்ணி சொன்னது என் காதுக்கு வந்துச்சு. நான் நம்பலை. நீங்க கட்டில் கேக்கிற ஆள் இல்லை. கட்டில் கொடுத்தா அதில நேரா உக்காந்துட்டு வர்ற ஆள்.

ஆனா கால் விஷயம் நிஜம்தானே? எனக்கு ப்ளேன் சீட்டில கால் தரையில எட்டாது. ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி ஆட்டிக்கிட்டே வருவேன். அண்ணன் எனக்குப் பொடிசுன்னு பேர் வெச்சது சும்மாவா? உங்களுக்கு எப்படி இருக்கும்னு நான் யோசிச்சதே இல்லை. இவர்கிட்ட சொன்னேன். உடனே கண்ணாடியை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டார். கொஞ்சம் கூடப் பணம் கட்டினா கால் நீட்ட இடம் இருக்கிற சீட் கிடைக்குமாம். நாங்களே கட்டிடறோம்.

நர்சம்மா வீட்டைப் பாத்துக்க மாட்டாங்களா? வாங்க அண்ணி. அண்ணன் போனதுக்கப்புறம் நாம சேர்ந்து ஒரு வேளை நிம்மதியா உக்காந்து பேசலை. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு.

உங்கள்
பொடிசு

*

பிப்ரவரி 20

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. குழாய்களுக்காக வருந்துகிறேன்.

பேசுகிறபடியே எழுதாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! வாசிக்கும்போது நீ எதிரில் நின்று கத்துவதுபோல் இருக்கிறது.

என் கால்களுக்கு இன்னொருவர் பணம் கட்டும் நிலையில் நான் இல்லை. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைக்கலாம். தவிர, இதென்ன வியாபாரம்? முதலில் மனிதன் உட்கார முடியாதபடி இருக்கைகளை நெருக்கிப் போடுவது. பிறகு, நெருக்காமல் விட்ட இடத்துக்குத் தனியாகக் காசு கேட்பது. எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒருத்தி, வயரைப் பிடுங்கிவிட்டு அதைச் சரிசெய்யப் பணம் கேட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

நர்ஸ் நல்ல பெண்தான். ஆனால் அதிகாரம் அதிகம். நேற்று மாடியில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க நான்கு படி ஏறினேன். அதற்குள் மேலிருந்து, "மேடம், இறங்குங்க. இன்னொரு படி ஏறினீங்கன்னா நான் வீட்டைக் காலி பண்ணிடுவேன்" என்று சத்தம் போட்டாள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரை மிரட்டும் காலம்.

நீ வீணாக எதையும் உறுத்திக்கொள்ளாதே. நிம்மதியாகப் பேசக் கடிதம் போதும்.

உன் அண்ணி

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கணும், நல்லா திட்டணும். ஏன்னா இந்த லெட்டரைப் படிச்சதும் திட்டுவீங்க.

டிக்கெட் வாங்கியாச்சு!

ஜூலை மாசம். கூடவே சீட்டும் போட்டாச்சு. சும்மா சீட் இல்லை அண்ணி. எமர்ஜென்சி கதவுக்குப் பக்கத்து சீட். முன்னாடி எந்த சீட்டும் கிடையாது. காலை நீட்டினா நீட்டினபடியே இருக்கலாம், எழுந்து நின்னு சோம்பல் முறிக்கலாம். இவர் ஏதோ நிலம் வாங்கினவர் மாதிரி அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் காட்டறார். "உங்க அண்ணிக்கு வீட்டு முன்னாடி காலி மனை கிடைச்ச மாதிரி"ங்கறார். அந்த வரிசைக்கு அவ்வளவு போட்டியாம். காலைல காபி குடிக்காம உக்காந்து புடிச்சார்.

டிக்கெட் இதோட வெச்சிருக்கேன். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுதாதீங்க. மூணு வருஷமா வரலைங்கறீங்க. ஒரு வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை, ஒரு வருஷம் வெயில், இப்போ நர்சு. இந்தத் தடவை கால் நீட்ட இடமில்லைங்கிற சாக்கும் போயிடுச்சு. இனியும் வரலைன்னா நான் என்னன்னு நினைக்கிறது?

சீக்கிரம் பதில் போடுங்க. மாடி ரூமை உங்களுக்காக ஒழிச்சுக்கிட்டிருக்கேன்.

உங்கள்
பொடிசு

*

மே 14

அன்புள்ள பொடிசுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு என் நன்றியைச் சொல். டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் வரவில்லை.

அந்த விமானக் கம்பெனியின் விதிகளைத் தருவித்து முழுவதும் வாசித்தேன். அவசரக் கதவோரத்தில் உட்காருகிறவரிடம், விமானம் கிளம்புவதற்கு முன் பணிப்பெண் வந்து ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வேறு இருக்கையிலும் என்னால் வர இயலாது. காரணம் கேட்காதே.

மாடி அறையை ஒழிக்க வேண்டாம். அதில் நீ வைத்திருக்கும் தையல் மெஷின் அங்கேயே இருக்கட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையை விடாதே.

உன் அண்ணி

*

மே 29

அண்ணிக்கு,

எப்பவும் போடற "அன்புள்ள" இந்தத் தடவை மறந்துபோச்சுன்னு நினைக்காதீங்க. மறக்கலை.

டிக்கெட் திரும்பி வந்துச்சு. இவர் அந்த சீட் படத்தை மடிச்சு மேஜைக்குள்ள வெச்சுட்டார். அதைப் பாத்ததும் எனக்குத் தாங்கலை.

சீட் விஷயமெல்லாம் சாக்கு. எனக்குத் தெரியும். நேரா எழுதிடறேன். அண்ணன் போனப்போ நான் வந்து சேரலை. புயல்ல நடுவழி ஏர்போர்ட்டை மூடிட்டாங்க. அங்கே தரையில உக்காந்து அழுதேன். எல்லாம் முடிஞ்ச மறுநாள் காலைல அங்கிருந்து உங்களுக்கு போன் பண்ணினேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்தது. நீங்க எடுக்கலை. போன் மணியை ரெண்டாவது தடவை அடிக்க விடாதவங்க நீங்க. எடுக்கலை.

அடுத்த நாள் வந்து சேர்ந்தேன். பெட்டியோட வாசல்ல நின்னேன். நீங்க கூடத்தில நாற்காலியில உக்காந்திருந்தீங்க, மடியில போர்வையோட. ஓடிவந்து கட்டிக்குவீங்கன்னு நான் எதிர்பார்க்கலை. நீங்க அப்படிப்பட்டவங்க இல்லை. ஆனா எழுந்திருக்கக்கூட இல்லையே? உக்காந்தபடி கையை நீட்டினீங்க, ஆபீசுக்கு யாரோ வந்த மாதிரி. "சாப்பிட்டியா?"ன்னு கேட்டீங்க. ஒரு ராத்திரி இருந்தேன். நீங்க அந்த நாற்காலியை விட்டு அசையலை. மறுநாள் கிளம்பிட்டேன்.

அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கூடப் பொறந்த அண்ணன் முகத்தைப் பாக்க வராதவளை நீங்க மன்னிக்கலை. அதுக்கப்புறம் மாசாமாசம் லெட்டர் போடறீங்க, பிரஷர் எப்படின்னு கேக்கறீங்க. ஆனா என் வீட்டுப் படி மட்டும் ஏற மாட்டேங்கறீங்க.

அப்படித்தான்னா ஒரு வரி எழுதிடுங்க. அப்புறம் உங்களை நான் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்.

பொடிசு

*

ஜூன் 8

பொடிசு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றைய தபாலிலேயே இது கிளம்பியாக வேண்டும் என்பதால் நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நீ எழுதியிருப்பதில் பொய் ஒன்றும் இல்லை. போனை நான் எடுக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையை மட்டும்தான் நீட்டினேன். ஆனால் காரணம் நீ நினைத்தது அல்ல.

உன் அண்ணனின் இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் வீட்டில் யாரும் இல்லை. எல்லாரையும் நான்தான் போகச் சொன்னேன். மாடியில் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கீழே போன் மணி அடித்தது. எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு ஒரே ஒரு விதி: மணி இரண்டாவது தடவை அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். வேலையை விட்டு எத்தனையோ வருடமாயிற்று, கால்களுக்கு அது தெரியவில்லை. தவிர, அந்த நேரத்தில் கூப்பிடக்கூடியது நீதான் என்று எனக்குத் தெரியும். ஓடினேன். காலையில் வேலைக்காரி துடைத்த ஈரம் படியில் இருந்திருக்கிறது. விழுந்தேன்.

நீ கேட்டுக்கொண்டிருந்த அந்த மணியை, படிக்கட்டின் அடியில் கிடந்தபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அது நிற்கும்வரை. நீ எவ்வளவு நேரம் வைக்காமல் பிடித்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

எப்படியோ நகர்ந்து நாற்காலியைப் பிடித்து ஏறினேன். மறுநாள் நீ வந்தபோது போர்வைக்கு அடியில் என் முழங்கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. எழுந்திருக்கவில்லை என்பதல்ல, பொடிசு. எழுந்திருக்க முடியவில்லை. நீ வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்தபோது, எழுந்துவிடலாம் என்று இரண்டு தடவை முயன்றேன். உனக்குத் தெரியாதபடிதான் முயன்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டிருப்பாய். எனக்குப் பொய் வராது. அண்ணனைப் பார்க்க முடியவில்லையே என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருந்த உன் தலையில், உன் போனை எடுக்க ஓடித்தான் அண்ணி விழுந்தாள் என்பதையும் ஏற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீ அதைவிடப் பெரிய பாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினாய் என்பது இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது.

நீ கிளம்பிய மறுநாள் கட்டுப் போட்டார்கள். தாமதம் என்று டாக்டர் கத்தினார். எலும்பு கூடியது, முழங்கால் மடங்கவில்லை. பாதிக்குமேல் மடங்காது. மாடி ஏற முடியாது. முன்னறையின் வெளிச்சம் உண்மைதான், ஆனால் அதற்காக நான் கீழே வரவில்லை. வெளியே போகக் கறுப்பாக ஒரு கைத்தடி இருக்கிறது. நர்சுக்குத் தெரியும், சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. வலியைப் பற்றிப் பேசுவது, உள்ளாடையை வாசலில் காயப்போடுவது மாதிரி என்று கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எழுந்திருக்க முடியாதவள் என்று பெயர் வாங்குவதைவிட எழுந்திருக்க மாட்டேன் என்பவள் என்று பெயர் வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஓரகத்தி அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தாள். நான் மறுக்கவில்லை.

இப்போது அந்த இருக்கை. சாதாரண இருக்கையில் இந்தக் காலை வைக்க முடியாது. நடைவழியில்தான் நீட்ட வேண்டும், வருகிற போகிற வண்டியெல்லாம் அதன்மேல்தான் ஏறும். மாப்பிள்ளை பிடித்துக் கொடுத்த இடத்தில் கால் நீட்டலாம். ஆனால், "ஆபத்து வந்தால் இந்தக் கதவைத் திறந்து மற்றவர்களை இறக்கிவிட உங்களால் முடியுமா?" என்று அங்கே கேட்பார்கள். முடியும் என்றால் பொய். யாருடைய உயிரோடோ விளையாடுகிற பொய். முடியாது என்றால், கைத்தடியோடு என்னை எழுப்பி, எல்லாரும் பார்க்க வேறு இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். அந்த ஊர்வலத்துக்கு அஞ்சித்தான் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பினேன்.

மன்னிப்பதற்கு உன்மேல் எந்தக் குற்றமும் இருந்ததில்லை. புயலை அனுப்பியது நீயல்ல, படியை நனைத்ததும் நீயல்ல. நான் அதைச் சொல்லாமல் இருந்தது, சொல்ல எதுவும் இல்லை என்று நினைத்ததால்.

நீ நலமா?

உன் அண்ணி

*

ஜூன் 18

என் அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள அண்ணிக்கு,

போன தடவை விட்டதையும் சேர்த்துப் போட்டுட்டேன்.

முழங்காலா அண்ணி? வெறும் முழங்காலா? சமையல்கட்டில நின்னுக்கிட்டே படிச்சேன். சிரிக்கிறேனா அழறேனான்னு தெரியாம அடுப்பை அணைச்சுட்டு உக்காந்துட்டேன். இவர் ஓடிவந்து, "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு கத்தறார். "அண்ணி முழங்கால் மடங்கலையாம்!"னு சந்தோஷமா சொல்றேன். மனுஷன் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமான்னு யோசிச்சார்.

என் போனுக்காக ஓடினீங்கன்னு படிச்சப்போ லெட்டரை மடியில கவுத்து வெச்சுட்டேன். ஆனா அண்ணி, உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? எடுக்காம விட்டீங்கன்னு மூணு வருஷம் இருந்ததைவிட, எடுக்க ஓடி வந்தீங்கங்கறது எனக்கு எவ்வளவோ மேல். அந்த வரியை நாலு தடவை படிச்சுட்டேன். வலிக்குது, ஆனா மூச்சு விட முடியுது.

இவர் செஞ்ச காரியத்தைக் கேளுங்க. கூடத்தில சாப்பாட்டு நாற்காலிகளை ரெண்டு வரிசையா போட்டார். தன் காலில ஒரு குடையை வெச்சு, முழங்கால் மடங்காதபடி வேட்டியைக் கிழிச்சுக் கட்டினார். அப்படியே உக்காந்து பேப்பர் படிச்சார். நான் காபித் தட்டைப் பிடிச்சுக்கிட்டு ப்ளேன் பொண்ணு மாதிரி நடந்தேன். மூணு தடவை இடிச்சேன், ஒரு தடவை காபி அவர் மடியில. அதுக்கப்புறம்தான் சார் கம்பெனிக்கு போன் போட்டார். கதவுக்குப் பக்கமே இல்லாத, எதிர்ல வெறும் தடுப்புச் சுவர் மட்டும் இருக்கிற ஒரு வரிசை முன்பக்கம் இருக்காம்; அதுக்கும் கூடக் காசுதான், ஆனா யாரும் எந்தக் கேள்வியும் கேக்க மாட்டாங்க. நடைவழி ஓரத்து சீட்டா எடுத்தா கொஞ்சம் வெளியவும் நீட்டிக்கலாம். ஏர்போர்ட்டுல தள்ளுநாற்காலியும் வரும்.

எந்தப் பக்கத்து ஓரம்னு கேட்டாங்க. அங்கே மாட்டிக்கிட்டார். இவ்வளவு பெரிய லெட்டர் எழுதினீங்களே, எந்தக் கால்னு எழுதவே இல்லையே! இவர் வலது காலில குடை கட்டினது சரியா? ஆகஸ்ட்டுக்குப் பாத்து வெச்சிருக்கார். உடனே எழுதுங்க.

தையல் மெஷினை மாடிக்கே அனுப்பிட்டேன். கீழ் ரூம் உங்களுக்கு. வெளிச்சம் நல்லா இருக்கும்.

உங்கள்
பொடிசு

*

ஜூன் 28

அன்புள்ள பொடிசுக்கு,

இடது.

மாப்பிள்ளையிடம் குடையைக் கழற்றச் சொல். காபி பட்ட இடத்துக்கு மருந்து போட்டாயா? எனக்கு நேற்று இரவு நல்ல தூக்கம்.

வருகிறேன். இரண்டு நிபந்தனைகள். அந்த வரிசைக்கான கூடுதல் கட்டணத்தை நான் கட்டுவேன். இந்த வியாபாரத்தைப் பற்றி முன்பு எழுதியதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இப்போது வாங்குவது சொகுசு அல்ல, என் காலுக்கு ஒரு இடம், அதை நானே வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது, தள்ளுநாற்காலியில் உட்காருவேன், ஆனால் அதில் இருக்கும்போது யாரும் போட்டோ எடுக்கக் கூடாது.

இன்னொரு செய்தி. நேற்று ஓரகத்தி வந்தாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள், வழக்கம்போல முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கைத்தடியை எடுத்து, ஊன்றி, எழுந்து நின்று "வா" என்றேன். நேரம் பிடித்தது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

"ஐயோ அக்கா! இது எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஊரெல்லாம் உங்களுக்குத் திமிருன்னு சொல்லிட்டு வந்துட்டேனே!"

"அது ஒண்ணும் தப்பில்லை. திமிரும் இருக்கு, முழங்காலும் இருக்கு. இனி ரெண்டையும் சேர்த்துச் சொல்லு."

அழுதாள். பிறகு நாற்காலியை எனக்குப் பின்னால் நகர்த்தி வைத்து, தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கு அவ்வளவு மென்மையான கை என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. நான் திரும்பி வரும் வரை வீட்டைப் பார்த்துக்கொள்கிறாளாம். நர்ஸ், "நான் எதுக்கு இருக்கேன்?" என்று மாடியிலிருந்து சண்டைக்கு வந்தாள். இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

உன் அண்ணி

*

அக்டோபர் 6

அன்புள்ள பொடிசுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். கால் வீங்கவில்லை. உன் இரத்த அழுத்தம் நான் இருந்தபோது சரியாக இருந்தது. நான் வந்தபின் ஏறியிருந்தால் எழுது.

திரும்பும் பயணத்திலும் அதே வரிசை, அதே ஓரம். இருக்கையின் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுப் பலகையைக் கைப்பிடிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதை வெளியே எடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும். கைப்பிடி அகலமானதில் இடுப்புக்கான இடம் குறுகிவிட்டது. கழிவறை பக்கத்திலேயே இருப்பதால், காத்து நிற்கிறவர்கள் எல்லாரும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் முழங்காலுக்கு முன்னால் இருந்த அந்த இடம்? நான் காசு கொடுத்து வாங்கியவற்றில் குறை சொல்ல முடியாத பொருள் அது ஒன்றுதான். அதில் ஒன்றுமே இல்லையே!

பக்கத்தில் ஒரு மரக்கடைக்காரர். தேக்குக் கதவு அளவுக்கு ஆள். உட்கார்ந்ததும், "அம்மா, நீங்களும் காலுக்காகத்தான் கூடக் கட்டினீங்களா?" என்றார். முன்பென்றால், உயரத்துக்காக என்று சொல்லி அவர் வாயை அடைத்திருப்பேன். "முழங்கால் மடங்காது" என்றேன். "எனக்கு வயிறு மடங்காது" என்றார். வழி முழுக்க என் கைத்தடியை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

சற்றுப் பின்னால், அவசரக் கதவோரத்தில் ஒரு இளைஞன். பணிப்பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவன் காதில் பாட்டு மாட்டியபடியே, என்ன கேட்டாள் என்றுகூடத் தெரியாமல் தலையாட்டினான். நான் மாதக்கணக்கில் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி அவ்வளவுதான். இருந்தாலும் நான் அப்படித் தலையாட்டியிருக்க மாட்டேன்.

ஒன்றைக் கேட்க வேண்டும். உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் கேட்க நினைத்து, கேட்காமலே வந்துவிட்டேன். ஆகஸ்டில் நான் வந்து இறங்கிய அன்று, தள்ளுநாற்காலியில் வெளியே வந்தேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ நின்றுகொண்டிருந்தாய். குட்டையாக இருப்பதால் யாரோ ஒருவருடைய பெட்டிமேல் ஏறி நின்றாய். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாய். அப்போது நான் தள்ளியவரை நிறுத்தச் சொன்னேன். கைத்தடியை ஊன்றினேன். "உக்காருங்கம்மா, நான் கொண்டு விடறேன்" என்றார் அவர். உட்காரவில்லை. எழுந்து நின்றேன். நீ தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து சேரும் வரை நின்றுகொண்டிருந்தேன்.

உன் முகத்தில் துணி இருந்தது. நான் எழுந்ததை நீ பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பார்த்தாயா? போனில் வேண்டாம். எழுதிப் போடு.

உன் அண்ணி